சீல் மட்டும் போதுமா, பேரிங்கும் சேர்த்தா, தண்டுக்கே வேலையா? ஒழுகும் பழைய டிராக்டருக்கு ஒரு கணக்கு

பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் திறந்து தோவாளைச் சானலும் அனந்தனார் சானலும் ஓடத் தொடங்கிவிட்டால் நாஞ்சில் நாட்டில் தொளியடிப்பு (சேற்றுழவு) ஒரே மூச்சில் நடக்கும். அந்த நாட்களில் பட்டறையில் நிற்கிற டிராக்டர், கன்னிப்பூவின் (முதல் போக நெல்லின்) உழவுக் கூலியைத் தவறவிட்ட டிராக்டர்தான். அதனால் மே மாதத்தில் பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிந்து கறுப்புக் கோடு போட்டிருப்பதைப் பார்க்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது, "சீலை மட்டும் மாற்றிவிட்டு இறங்கிவிடலாமா?" என்பதே.

சில இடங்களில் அது சரியான முடிவு. பல இடங்களில் அதே வேலையை இரண்டு மாதத்தில் இன்னொரு தரம் செய்ய வைக்கிற முடிவு. எது எது என்று பிரித்துப் பார்க்க இரண்டு கேள்வி போதும். அந்த இடத்தைத் திறக்க எவ்வளவு பாடு? சீலின் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையத்தின்) உதடு உரசுகிற தண்டு இப்போது எப்படி இருக்கிறது? சீலின் விலை இந்தக் கணக்கில் வரவே தேவையில்லை. மொத்தச் செலவில் அதுதான் மிகச் சிறியது.

ஒழுகுவது எங்கிருந்து

முடிவு எடுக்கும் முன் வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்து, அரை நாள் ஓட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். பழைய வண்டியில் எண்ணெய் மேலே ஓரிடத்தில் கசிந்து கீழே வேறோரிடத்தில் சொட்டும். தூசு ஒட்டிய ஈரம் மட்டும் இருந்து, சொட்டு விழாமல், டிப்ஸ்டிக்கில் அளவும் குறையாமல் இருந்தால் அது கசிவு, பொறுக்கலாம். சொட்டு விழுந்தாலோ, பிரேக் பக்கம் எண்ணெய் எட்டினாலோ அது ஒழுக்கு.

கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் உள்ள துளையிலிருந்து சொட்டுகிறதா? சொட்டை விரலில் தேய்த்துப் பாருங்கள். மெல்லியதாகக் கன்னங்கரேலென்று இருந்தால் எஞ்சின் எண்ணெய், அதாவது கிராங்கின் பின்பக்க சீல். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் எண்ணெய், அதாவது கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் சீல்.

பின் ஆக்சிலில் ஒழுக்கு என்றால் சீலைக் குறை சொல்லும் முன் பிரீதரைப் பாருங்கள். கியர் ஹவுசிங்கின் மேலே இருக்கும் அந்தச் சின்ன மூச்சுக்குழாய் சேற்றாலும் பெயின்ட்டாலும் அடைபட்டுப் போனால், வண்டி சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடி நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே தள்ளும். எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே கதிதான். பிரீதரை டீசலில் கழுவி, அளவைச் சரிசெய்து, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஒரு பைசா செலவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் சக்கரத்தைக் கழற்றுவது வீண் வேலை.

பேரிங்கின் ஆட்டமும் அப்படியே. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது கை உணர்கிற ஆட்டம் எல்லாம் பேரிங்கின் ஆட்டம் அல்ல. ஹப்புக்கும் (சக்கரத்தைப் பூட்டும் நடுப்பகுதி) ஸ்டப் ஆக்சிலுக்கும் (ஹப் சுழலும் குட்டை அச்சு) நடுவே உள்ள இடைவெளியை இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே அசைவு தெரிந்தால் பேரிங். ஹப்பும் ஸ்டப் ஆக்சிலும் சேர்ந்தே ஆடினால் அது கிங்பின் புஷ், அதாவது சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் செங்குத்துப் பின்னின் புஷ். பேரிங் மாற்றியும் "ஆட்டம் போகவில்லையே" என்று வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் தவறியவர்கள். பிறகு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை ஆக்சிலில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள். ஒரே சீரான சரசரப்பு பரவாயில்லை. கடகடவென்று விட்டுவிட்டு வந்தால் பேரிங்கின் ஓடுபாதை உரிந்திருக்கிறது.

முன் ஹப்: இங்கே யோசிக்கவே வேண்டாம்

முன் சக்கர ஹப்பில் சீல் மட்டும் மாற்றுவது என்ற வழியை நாங்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. சீலைத் தொடுவதற்கே ஹப்பை வெளியே எடுக்க வேண்டும்; எடுத்துவிட்டால் உள் பேரிங் கைக்கு வந்துவிடுகிறது. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்தான். கழுவிப் பார்ப்பதற்கு ஆகும் நேரம் பத்து நிமிடம்.

கழுவ டீசலோ மண்ணெண்ணெயோ போதும். கம்ப்ரசர் காற்றால் பேரிங்கைச் சுழற்றி உலர்த்துவதை யாரும் செய்யக் கூடாது. எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுழலும்போது ரோலர்களைப் பிடித்திருக்கும் கூடு உடைந்து ரோலர் முகத்தில் தெறிக்கும்.

கழுவிய கப்பிலும் (பேரிங்கின் வெளி வளையம்) கோனிலும் (ரோலர்களோடு வரும் உள் வளையம்) என்ன தேடுவது? உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. நீலமோ பழுப்போ பாய்ந்திருந்தால் கிரீஸ் இல்லாமலோ நட் அதிகம் இறுகியோ சூடேறியிருக்கிறது. நம் குமரி மாவட்டத்து வண்டிகளில் அதிகம் கவனிக்க வேண்டியது மூன்றாவது: கப்பின் உள்முகத்தில், ரோலருக்கு ரோலர் இருக்கும் அதே இடைவெளியில், குறுக்கே கறுத்த கோடுகள். தொளியில் இறங்கி உள்ளே தண்ணீர் ஏறிய வண்டியை, கன்னிப்பூ நடவு முடிந்ததும் கொட்டகையில் மாதக்கணக்கில் அசையாமல் நிறுத்தும்போது, ஒவ்வொரு ரோலரும் கப்பைத் தொடும் இடத்தில் துரு கடித்த தடம் அது. கையால் சுழற்றினால் தெரியாது. கும்பப்பூவுக்கு (இரண்டாம் போகத்துக்கு) இறக்கினால் அந்தக் கோட்டிலிருந்துதான் உலோகம் உரியத் தொடங்கும். புத்தளம் உப்பளங்களை ஒட்டிய பாதைகளில் ஓடும் வண்டி என்றால் இந்தத் துரு இன்னும் சீக்கிரம் வரும்.

இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் கப்பும் கோனும் சோடியாகத்தான் மாற வேண்டும். "கப்பு நல்லாத்தானே இருக்கு" என்று பழைய கப்பில் புதுக் கோனைப் போட்டால், பழைய தேய்மானத்தின் வடிவம் புது ரோலரைத் தின்றுவிடும்.

எண் பேரிங்கின் விளிம்பில் பொறித்திருக்கும். 30206 என்றால் கடைசி இரண்டு இலக்கத்தை 5 ஆல் பெருக்குங்கள்: உள்விட்டம் 30 மி.மீ. இதன் வெளிவிட்டம் 62 மி.மீ. கடைக்குப் போகும்போது பழைய பேரிங்கையே எடுத்துப்போவது நல்லது. முன்பு யாராவது எண் மாற்றிப் போட்டிருக்கக்கூடும் என்பதால் ஸ்டப் ஆக்சிலின் விட்டத்தையும் வெர்னியரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பில் கொடுக்காத கடையில், ஒரே எண்ணுக்குப் பாதி விலை சொல்லும் பேரிங்கை வாங்க வேண்டாம். போலியை அட்டையை வைத்துக் கண்டுபிடிப்பது கடினம். பொறித்த எழுத்து மங்கலாக, அழியக்கூடியதாக இருந்தால் ஐயப்படலாம்.

ஹப்பில் அடைந்து உட்கார்ந்த கப் அடித்தால் வரவில்லையா? வெல்டிங் வைத்திருப்பவரிடம் சொல்லி, கப்பின் உள்முகத்தில் சுற்றிலும் ஒரு மெல்லிய வெல்டு வரி இழுக்கச் சொல்லுங்கள். ஆறும்போது கப் சுருங்கும், பெரும்பாலும் தானே விழுந்துவிடும். ஹப்புக்குக் காயம் இல்லை. புதுக் கப்பைப் பித்தளைக் கம்பியால் நான்கு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டி இறக்க வேண்டும். அடியில் உட்கார்ந்ததும் சுத்தியலின் ஓசை மாறிக் கணீரென்று கேட்கும். கப் கையாலேயே உள்ளே போய்விட்டால் ஹப் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதில் பொட்டுப் பொட்டாகப் பஞ்ச் அடித்துப் பிடிக்க வைப்பது சில நாள் தாங்கும், அவ்வளவுதான். ஹப்பையே மாற்றுவதுதான் வழி.

ஸ்டப் ஆக்சில் தேய்ந்திருந்தால் வெல்டு வைத்து நிரப்பி லேத்தில் கடைந்து தருவதாகப் பலர் சொல்வார்கள். முன் ஸ்டப் ஆக்சிலில் இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். வெல்டின் சூட்டில் பக்கத்து இரும்பு முறுமுறுப்பாகி, தோள்பட்டை வளைவில் விரிசல் விடும். செங்கல் பாரத்தோடு ஆரல்வாய்மொழிச் சாலையில் போகும்போது முன் சக்கரம் கழன்றால் அடுத்து என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. புது ஸ்டப் ஆக்சில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால், விரிசல் இல்லை என்று பார்த்து எடுத்த நல்ல பழையது வெல்டு வைத்ததைவிட மேல்.

கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கும்வரை நிரப்ப வேண்டும். ஹப்பின் வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை போதும். முழுக்க அடைத்தால் சூடேறி விரியும் கிரீஸ் புது சீலையே வெளியே தள்ளும். தொளியில் இறங்கும் வண்டிக்கு, தண்ணீர் தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸோ கால்சியம் சல்ஃபோனேட்டோ கேட்டு வாங்குங்கள். வகை மாற்றுவதாக இருந்தால் பழையதைச் சுத்தமாகக் கழுவிவிட்டுத்தான் போட வேண்டும். ஒன்றோடொன்று சேராத கிரீஸ்கள் கலந்தால் இளகி வழிந்துவிடும்.

நட் இறுக்குவதில்தான் புது பேரிங் சாகிறது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே காசில் நட்டை இறுக்குங்கள், சுழற்சி கனக்கும்வரை. பிறகு அடுத்த ஸ்ப்ளிட் பின் துளை நேரே வரும் அளவுக்கு மட்டும் பின்னே தளர்த்துங்கள். டயல் கேஜ் இருந்தால் ஹப்பின் உள்–வெளி ஆட்டம் 0.03 முதல் 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே இறுதி. "ஆட்டமே இருக்கக் கூடாது" என்று இறுக்கிவிட்டால் ஒரு பாரம் ஏற்றி வருவதற்குள் நீலம் பாய்ந்துவிடும். ஸ்ப்ளிட் பின் புதிதுதான் போட வேண்டும், பழையதை நிமிர்த்திப் போடக் கூடாது.

ஒரு பக்கம் முதல்முறை செய்பவருக்கு அரை நாள். பழகியவருக்கு இரண்டு மணி நேரம். வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய வேலை, பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பின் ஆக்சில்: தண்டு சொல்வதைக் கேளுங்கள்

உண்மையான தேர்வு இங்கேதான். ஆக்சில் ஷாஃப்ட்டை வெளியே எடுத்ததும், சீலின் உதடு உரசிய இடத்தைத் துடைத்து, விரல் நகத்தைத் தண்டின் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். சில மாடல்களில் சீல் உரசுவது தண்டின் மேல் அல்ல, அதில் இறுகியிருக்கும் ஒரு காலர் மேல். அப்படியானால் காலரைப் பாருங்கள்.

நகம் எங்கும் தடுக்காமல், பளபளப்பான ஒரு கோடு மட்டும் தெரிகிறது. பேரிங்கிலும் ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை. பழைய சீலின் ரப்பர் விறைத்து வெடித்திருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் சீல் மட்டும் மாற்றுவது நியாயமான முடிவு. வயதானதால் செத்த சீல் அது.

தண்டு மழமழப்பாக இருந்து பேரிங்கில் ஆட்டம் இருந்தால் சீல் மட்டும் மாற்றுவது பயனற்றது. ஆடும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் உதட்டை ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் விலக்கும். எத்தனை உயர்ந்த சீல் போட்டாலும் அந்த விலகலில் எண்ணெய் வரும், தொளி உள்ளே போகும். சீல் ஒழுகியதால் பேரிங் போனது என்று பலர் சொல்வதில், பேரிங் தேய்ந்ததால் சீல் ஒழுகியது என்பதுதான் பல வண்டிகளில் உண்மை. நம் பக்கத்தில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. கேஜ் வீல் (சேற்றில் ஓட்டப் பூட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) ஆக்சிலிலிருந்து வெளியே தள்ளி நிற்பதால் வெளிப் பேரிங்கின் மேல் நெம்புகோல் போலப் பளு ஏறுகிறது. கேஜ் வீலோடு தார்ச் சாலையில் ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போவது அந்தப் பேரிங்கைச் சம்மட்டியால் அடிப்பதற்குச் சமம்.

நகம் தடுக்கிறது என்றால் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. இங்கே மூன்று வழி பிரியும்.

செலவே இல்லாத வழி, சீலை முன்பிருந்த ஆழத்தைவிட ஒன்றிரண்டு மி.மீ. உள்ளேயோ வெளியேயோ நிறுத்தி, உதடு தேயாத இடத்தில் உரசும்படி செய்வது. சீல் உட்காரும் குழியில் அதற்கு இடம் இருக்க வேண்டும். உள்ளே தள்ளினால் பேரிங்கில் இடிக்கக் கூடாது, எண்ணெய்த் துளையை மூடக் கூடாது. இடம் இருந்தால் இது முழுமையான பழுதுபார்ப்புதான், ஒப்பேற்றல் அல்ல.

அடுத்தது ரிப்பேர் சிலீவ். சுமார் 0.28 மி.மீ. தடிமனுள்ள துருப்பிடிக்காத இரும்புக் குழல்; தண்டின் மேல் இறுகி உட்கார்ந்து புது உரசுமுகம் தரும். அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் பழைய அளவு சீலே பொருந்தும். தண்டின் தேயாத இடத்தில் மூன்று திசையில் மைக்ரோமீட்டரால் அளந்து, சராசரி எடுத்து சிலீவ் வாங்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் இரும்புப்பொடி கலந்த எபாக்சியை அதில் நிரப்பி, அது இறுகும் முன் சிலீவை ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தின் மேல் குழல் குழிந்துவிடும். சிலீவோடு வரும் ஏற்றும் கிண்ணத்தை வைத்துத்தான் தட்ட வேண்டும். நேரடியாக அடித்தால் விளிம்பு மடங்கும், மடங்கிய விளிம்பு உதட்டைக் கிழிக்கும். எல்லா அளவும் எல்லாக் கடையிலும் இருக்காது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கேட்டு, இல்லையென்றால் வரவழைக்க வேண்டும். அதனால் தண்டைக் கழற்றும் முன்பே விசாரித்துவைப்பது நல்லது.

மூன்றாவது, லேத் பட்டறையில் வெல்டு நிரப்பிக் கடைந்து, கிரைண்டிங் செய்வது. ஸ்டப் ஆக்சிலில் வேண்டாம் என்று சொன்ன அதே அச்சம் இங்கேயும் உண்டு. முறுக்குப் பளு தாங்குகிற தண்டு இது. மெட்டல் ஸ்பிரே என்னும் தெளிப்பு முறையில் சூடு குறைவு என்பதால் அது கிடைத்தால் வெல்டைவிட மேல். எதுவானாலும், கடைசி மெருகு சுருள் கோடு இல்லாமல் இருக்க வேண்டும். லேத்தின் கத்தி விட்டுப்போகும் திருகுச் சுருள், கண்ணுக்குத் தெரியாத திருகாணி போல எண்ணெயை வெளியே இறைக்கும். எமரி தாளால் தேய்ப்பவர்களும் அதை நேராக நிறுத்தித்தான் தண்டைச் சுழற்ற வேண்டும், பக்கவாட்டில் நகர்த்தக் கூடாது. பட்டறையில் சொல்லி வாங்க வேண்டிய வேலை இது. சொல்லாவிட்டால் பெரும்பாலும் கவனிக்க மாட்டார்கள்.

எங்கள் தேர்வு: இடம் இருந்தால் சீலை நகர்த்துவது, இல்லாவிட்டால் சிலீவ். காலர் மேல் சீல் ஓடும் மாடலில் காலரையே புதிதாகப் போடுவது எல்லாவற்றையும்விட எளிது. வெல்டு கடைசி வழி.

பேரிங் மாற்றுவதென்று முடிவானால் அது வீட்டு வேலை அல்ல. ஆக்சில் பேரிங்கும் அதைப் பிடித்திருக்கும் காலரும் பல டன் அழுத்தத்தில் ஏற்றப்பட்டவை. சம்மட்டியால் அடித்து எடுக்க முயன்றால் தண்டின் முனை குடைபோல விரியும். கடினமாக்கிய காலரை கிரைண்டரால் முக்கால் ஆழம் அறுத்து, உளியால் ஒரு அடி கொடுத்துப் பிளப்பது வழக்கம். கிரைண்டர் தண்டைத் தொட்டுவிடக் கூடாது, கண்ணாடி கட்டாயம். வீட்டில் செய்யக்கூடியது தண்டைக் கழற்றி, ஹைட்ராலிக் பிரஸ் உள்ள பட்டறைக்கு எடுத்துப்போய்க் கொடுத்து, திரும்ப வாங்கிப் பூட்டுவது. கூலி பாதியாகும், வண்டி பட்டறை வாசலில் வரிசையில் நிற்க வேண்டாம். புது பேரிங்கைச் சூடேற்றி ஏற்றுவதானால் எண்ணெய்க்குளியலில், அடியில் படாமல் தொங்கவிட்டு, 110 டிகிரிவரை. கேஸ் தீயை நேராகக் காட்டினால் பேரிங்கின் கடினம் போய்விடும்.

கழற்றும்போது ஹவுசிங்கின் மூட்டில் இருக்கும் மெல்லிய ஷிம்களை (இடைவெளித் தகடுகளை) எண்ணி, எந்தப் பக்கத்தில் எத்தனை என்று எழுதி, கம்பியில் கோத்து வையுங்கள். ஆக்சிலின் உள்–வெளி ஆட்டத்தைத் தீர்மானிப்பதே அந்த ஷிம்தான். புது பேரிங் போட்டதும் பழைய ஷிம் அப்படியே பொருந்தும் என்று நம்பாமல் மறுபடி அளக்க வேண்டும்.

தூக்கும்போது ஒரு எச்சரிக்கை. பின்பக்கம் தூக்கினால் முன் ஆக்சில் நடு பின்னில் ஆடும், வண்டி ஒரு பக்கம் சாயும். தூக்கும் முன்பே முன் ஆக்சிலுக்கும் அதன் பிராக்கெட்டுக்கும் நடுவே இருபுறமும் மரக்கட்டையால் ஆப்பு வையுங்கள். ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டோ தடித்த கட்டை அடுக்கோ வேண்டும். பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் அதை முதலில் இறக்குங்கள். தண்ணீர் நிறைந்த டயர் சாய்ந்தால் இரண்டு ஆள் பிடித்தாலும் நிற்காது.

பிரேக்கில் எண்ணெய் பட்டிருந்தால்

உலர் பிரேக் உள்ள பழைய வண்டியில் ஆக்சில் சீல் ஒழுகினால் லைனிங் எண்ணெய் குடித்துவிடும். வலதும் இடதும் சேர்த்து மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் இதுதான் முதல் சந்தேகம். பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டி மறுபடி போடுவது ஆபத்து: உள்ளே ஊறிய எண்ணெய் பிரேக் சூடேறும்போது மேலே வரும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டத்து ஏற்ற இறக்கத்தில் டிரெய்லர் இழுக்கும் வண்டி என்றால், இதைத் தள்ளிப்போட அறுவடையையோ நடவையோ காரணமாகச் சொல்லக் கூடாது. சீலோடு லைனிங்கும், இருபுறமும் சோடியாக மாற வேண்டும்.

கிளட்ச் பக்கம் ஒழுகினால்

இங்கே கணக்கு தலைகீழ். சீலைத் தொட வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் வேலை. அதனால் ஒழுகுவது ஒரு சீல்தான் என்றாலும் கிராங்க் பின் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் எல்லாவற்றையும் ஒரே தரம் மாற்றிவிடுவது மிச்சம். எண்ணெய் பட்ட கிளட்ச் பிளேட்டையும் திரும்பப் போட வேண்டாம். இந்த வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. சிறு கசிவாக இருந்து கிளட்ச் வழுக்காவிட்டால், கும்பப்பூ அறுவடை முடியும்வரை தள்ளலாம்.

சீல் வாங்குவதும் போடுவதும்

சீலின் முகத்தில் மூன்று எண் இருக்கும். 50–72–10 என்றால் தண்டு 50, குழி 72, அகலம் 10 மி.மீ. கூடுதல் விலைக்கு வைட்டான் சீல் வாங்கச் சொல்வார்கள். பின் ஆக்சிலில் அதற்குத் தேவையில்லை. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில்கூட 28 அங்குல ரிம் உள்ள பின் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 120 சுற்றுதான். அந்தச் சூட்டுக்குச் சாதாரண நைட்ரைல் ரப்பர் தாராளம். நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் கிராங்க் சீலில்தான் ரப்பரின் வகை முக்கியம், அங்கே கம்பெனி சொன்னதையே போடுங்கள். ஆக்சிலுக்கும் ஹப்புக்கும் பணம் கூட்டிக் கொடுப்பதானால் சேற்றைத் தடுக்கும் இரண்டாவது உதடு உள்ள சீலுக்கோ, உரசுமுகமும் சீலும் ஒன்றாகவே வரும் கேசட் சீலுக்கோ கொடுங்கள். தொளியில் அதுதான் காசுக்கு வேலை செய்யும்.

பழைய சீலைக் கழற்றும் முன் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுருள் கம்பி உள்ள பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. நிப்பிள் வழியாகக் கிரீஸ் அடித்துப் பழையதை வெளியே தள்ளும்படி அமைத்த சில முன் ஹப்களில் திசை மாறியிருக்கும்.

உதட்டில் எண்ணெயோ கிரீஸோ தடவாமல் உலர்வாக ஏற்றினால் முதல் சில சுற்றிலேயே எரிந்துவிடும். ஸ்ப்ளைன் பல்லின் மேல் வழுக்கிச் செல்ல வேண்டுமானால் பல்லைச் சுற்றி மெல்லிய டேப் ஒட்டுங்கள். புது சீல் போட்ட மறுநாளே ஒழுகினால் பெரும்பாலும் காரணம் அங்கே கிழிந்த உதடுதான். சீலின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே சிறிய குழாய்த் துண்டையோ பழைய கப்பையோ வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். ஒரு பக்கமாக அடித்தால் தகடு வளையும். பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் (கருவிகளுக்குச் சுழற்சி தரும் பின்பக்கத் தண்டில்) சீல் போடும்போது அங்கே சுற்றிய வைக்கோலையும் நைலான் நூலையும் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சீலைத் தின்றது பெரும்பாலும் அந்த நூல்தான்.

தள்ளிப்போட்டே ஆக வேண்டும் என்றால்

பிரேக்கில் எண்ணெய் இல்லை, சொட்டும் வேகம் குறைவு, பேரிங்கில் சத்தம் இல்லை என்றால் ஒரு பூ (ஒரு போகம்) ஓட்டிவிடலாம். நிபந்தனை உண்டு. தினமும் காலையில் எண்ணெய் அளவு பார்க்க வேண்டும். நிப்பிள் உள்ள முன் ஹப்புக்கு ஒவ்வொரு நாள் தொளியடிப்பு முடிந்ததும் இரண்டு மூன்று அடி கிரீஸ். வேலை முடிந்த சூட்டோடு வண்டியைச் சானலில் இறக்கிக் கழுவக் கூடாது. சூடான ஹப் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, தேய்ந்த உதட்டின் வழியே தண்ணீரை உறிஞ்சும். அரை மணி நேரம் ஆறவிட்டுக் கழுவுங்கள், பிரஷர் பம்பின் நீரைச் சீல் மேல் நேராகப் பாய்ச்சாதீர்கள்.

கியர் எண்ணெய் பால்விட்ட தேநீர் நிறத்துக்கு மாறினால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்த வேண்டும். இரவு முழுக்க நிறுத்தி, காலையில் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தினால் அடியில் தங்கிய தண்ணீர் முதலில் வரும். மேலே புது எண்ணெய் ஊற்றிச் சமாளிப்பது ஆக்சில் பேரிங்கிலிருந்து கியர்பாக்ஸ் பேரிங்வரை எல்லாவற்றுக்கும் துரு ஏற்றும் வேலை. முழுக்க இறக்கி, சீலைச் சரிசெய்து, புதிது ஊற்ற வேண்டும். அந்த இரண்டு நாளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் இ–வாடகையிலோ உழவன் செயலியிலோ பக்கத்து வண்டியைப் பதிந்து உழவை முடித்துக்கொள்வது, கெட்ட எண்ணெயில் ஓட்டுவதைவிட எவ்வளவோ மலிவு.

வேலை முடிந்த வண்டியை முதல் ஒரு மணி நேரம் பாரமில்லாமல் ஓட்டி, ஹப்பையும் ஆக்சில் முனையையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் நட்டோ ஷிம்மோ இறுக்கம். பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி தூக்கி ஆட்டிப் பார்த்து, வீல் நட்டுகளை இன்னொரு தரம் இறுக்கிவிட்டுத் தொளியில் இறக்குங்கள்.